பெரிய வெள்ளியன்று அடித்த மணி

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர், ஒரு பெரிய வெள்ளிக்கிழமை காலையில், அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் உள்ள கடலில் இது நடந்தது. கடல் என்று சொல்கிறேனே தவிர, அன்று காலை அங்கே கடலைக் காணவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு வள்ளமும் நாங்கள் நாலு பேரும் இருந்தோம்.

பிள்ளைகளே, நான் ஊர்காவற்றுறைக் கரையில் பிறந்து வளர்ந்த மீன்பிடிகாரன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கிழமை எங்கள் வீட்டுச் சின்னவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "தபசுகாலம் வந்தால் நாங்கள் ஏனப்பா ஒவ்வொண்டா விடவேணும்?" இனிப்பை விட்டதில் அவனுக்கு ஆற்றாமை. தபசுகாலத்தைப் பற்றிச் சுவாமிமார் பிரசங்கத்தில் சொல்வதுபோல எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால் அந்தக் காலையைச் சொன்னேன். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய நாற்பது நாளான தபசுகாலம் எங்கள் கரையில் எப்படி வரும் என்று முதலில் சொல்லவேண்டும். விபூதிப் புதனன்று, போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்தால், ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டது போல இருக்கும். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். கலியாணம் கிடையாது. றேடியோப் பெட்டிக்குத் துணி போட்டு மூடிவிடுவார்கள். கள்ளுக் குடிக்கிற ஆண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஒருசந்தி பிடிக்கிறவர்கள் ஒரு நேரம்தான் சாப்பிடுவார்கள். பொழுது சாய்ந்தால் வீடுகளில் பெண்கள் கூடியிருந்து ஆண்டவருடைய பாடுகளை இழுத்து இழுத்து இராகத்தோடு வாசிப்பார்கள். ஒருத்தி நிறுத்த மற்றவள் தொடங்குவாள். வாடைக்காற்று ஓய்ந்து போன அந்த நாட்களில் அந்தக் குரலும் அலையின் சத்தமும் கலந்து, பாயில் படுத்திருப்பவனுக்கு வீடே மெல்ல மிதப்பது போலத் தோன்றும்.

நான் இதிலெல்லாம் மிகவும் கண்டிப்பானவன். ஒருசந்தி நாளில் தண்ணீரைக்கூடத் தள்ளி வைப்பேன். எல்லாவற்றையும் பிசகாமல் செய்துவிட்டால் ஆண்டவருக்கு என்னில் ஒரு குறையும் சொல்ல இடமிராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கோயில் மணி கடலைப் பார்த்தபடி, இரண்டு உயரமான தூண்களுக்கு நடுவில் தொங்குகிறது. காலை, மத்தியானம், மாலை என்று செப மணி அடிப்பார்கள். எங்களைப் போன்ற கடல்காரருக்கு அது கண் மாதிரி. பனி மூடிவிட்டால் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுக் காத்திருப்போம். மணி கேட்டதும் சத்தம் வந்த பக்கத்துக்கு வள்ளத்தின் முன்முனையை, அணியத்தை, திருப்பினால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் பெரிய வியாழன் பூசையில் ஒருமுறை அடித்த பிறகு, உயிர்ப்புப் பூசை வரைக்கும் அந்த மணி வாய் திறக்காது. ஆண்டவர் கல்லறையில் இருக்கும்போது மணிக்கும் துக்கம். ஆட்களைக் கூப்பிட ஒரு பலகையில் மரச்சுத்தியலால் தட்டுவார்கள். பழக்கதோஷத்தில் யாராவது மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிடக்கூடாதே என்று, கயிற்றைச் சுருட்டித் தூண்களுக்கு மேலே உள்ள குறுக்கு மரத்தில் கட்டிவிடுவதும் வழக்கம்.

அந்த வருடம் பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்குக்கு நிறுத்திய பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். அதற்காகவே அனலைதீவில் இருந்து வந்திருந்தேன். பூசை முடிந்ததும் பங்குக் குருவான சுவாமி என்னைக் கூப்பிட்டு மணிக்கயிற்றை மேலே கட்டச் சொன்னார். அவர் மெலிந்த மனிதர். சிரிப்பது அபூர்வம். கோயிலுக்குப் பிந்தி வந்தால் அவருடைய பார்வையே போதும், அடுத்த ஞாயிறு விடியமுன்னரே வந்து நிற்கலாம் என்று தோன்றும். நான் ஏணி வைத்து ஏறி, நங்கூரக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது.

"இனி ஆராலையும் அவிழ்க்க ஏலாது, சுவாமி" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

அவர் அண்ணாந்து பார்த்து, "சரி" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரமே, நல்ல காற்று இருந்ததால், பாய் விரித்து அனலைதீவுக்குத் திரும்பினேன். அங்கே கடற்கரையில் மீன்பிடிக் காலத்துக்காக நாங்கள் சில குடும்பங்கள் ஓலைக் குடிசை கட்டி வாடி போட்டிருந்தோம். மற்றவர்கள் எல்லோரும் பெரிய கிழமைக்காக ஊருக்குப் போய்விட்டார்கள். என் மனைவி மட்டும் எங்கள் மூத்தவளோடு நின்றாள். பிள்ளைக்கு அப்போது நாலு வயது. இலேசான காய்ச்சல் என்பதால் பின்னேரக் கடல் காற்றில் கொண்டு போகவில்லை. வெள்ளி காலையில் கூட்டிக்கொண்டு போய்ச் சிலுவைப்பாதை ஊர்வலத்துக்கு நிற்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் வாடி நின்ற பனங்காணி ஒரு சைவக் குடும்பத்துடையது. அந்தக் காணிக்காரர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பக்கத்திலேயே புகையிலைத் தோட்டம் செய்தார். நான் அவரை அண்ணை என்பேன். கீழைக்காற்று வீசும் நாட்களில் எங்கள் கோயில் மணி கடல் தாண்டி அவருடைய தோட்டம் வரைக்கும் கேட்கும். மத்தியான மணி கேட்டால்தான் மண்வெட்டியை வைப்பார்.

"உங்கட மணி அடிச்சால்தான் தம்பி, என்ர மனிசி சோறு போடுவா. மணி பிந்தினால் நான் பட்டினி" என்று எங்களைப் பகிடி பண்ணுவார்.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் மனைவி போட்ட சத்தத்தில் எழும்பினேன். பிள்ளையின் உடம்பு கொதித்தது. கை கால் இழுத்துக்கொண்டு, கண் மேலே சொருகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வலிப்பு விட்டது. ஆனால் பிள்ளை முன்னைப்போல இல்லை. துவண்டு போய்க் கிடந்தாள். சத்தம் கேட்டு அண்ணை தோட்டத்தால் ஓடிவந்தார். பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தவர், வைத்த வேகத்தில் எடுத்தார்.

"உது கைவைத்தியத்துக்குச் சரிவராது. கெதியா ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்."

காற்று ஓய்ந்து போயிருந்தது. பாய் உதவாது. துடுப்புத் தண்டு வலிக்க வேண்டும். தனியாளாக அவ்வளவு தூரம் வலித்துப் போய்ச் சேர நேரம் எடுக்கும். கரையில் வேறு கடல்காரர் ஒருவரும் இல்லை. நான் தடுமாறுவதைக் கண்டு அவரே வள்ளத்துக்குள் ஏறினார்.

"அண்ணை, உங்களுக்குத் தண்டு வலிக்கத் தெரியுமோ?"

"மண்வெட்டி பிடிக்கத் தெரியும். நீர் சொல்லித் தாரும்."

வெளிக்கிடும்போது வானம் வெளித்துத்தான் இருந்தது. அந்த வருடம் உயிர்ப்புத் திருநாள் முந்தி வந்ததால் பனி இன்னும் விட்டுப் போகவில்லை. பாதித் தூரம் போயிருப்போம். முன்னால் வெள்ளையாக ஒரு சுவர் எழும்பி வந்தது. வந்தது என்றுகூடச் சொல்லமுடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் அதற்குள் இருந்தோம்.

பிள்ளைகளே, அந்தப் பனியை எப்படிச் சொல்லுவேன்? தண்ணீர் அசையவில்லை. பால் ஊற்றி வைத்த தட்டுப் போலக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து வராமல் எல்லாப் பக்கத்தில் இருந்தும் வந்தது. தண்டில் இருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் காதுக்குள்ளே சொட்டுவது போலக் கேட்டது. நாங்கள் போகிறோமா, நிற்கிறோமா, இல்லை எங்களைச் சுற்றி எல்லாம் போகிறதா என்றுகூட விளங்கவில்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு நித்திரை வருவது போல இருந்தது.

தாயின் மடியில் கிடந்த பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, நாங்கள் மேகத்துக்குள்ள போறமோ?"

"ஓம் குஞ்சு" என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் வலித்தோம். அண்ணை பழக்கமில்லாதவர். அவருடைய பக்கம் ஒருமுறை ஆழமாகப் போகும், ஒருமுறை தண்ணீரின் மேலே வழுக்கும். வள்ளம் நேரே போகவில்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் தெரியவில்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணை தான் கொண்டு வந்த செம்பை நீட்டினார்.

"தண்ணி குடியும்."

"இண்டைக்குப் பெரிய வெள்ளி, அண்ணை. நான் ஒருசந்தி."

"உமக்காக உம்மட ஆண்டவர் வந்து தண்டு வலிப்பாரோ? நீர்தானே வலிக்கவேணும்? குடியும் எண்டுறன்."

நான் குடிக்கவில்லை. அவர் எனக்காகப் பெருமூச்சு விட்டுவிட்டுச் செம்பை வைத்தார்.

காலை மணி அடிக்கிற நேரம் வந்தது. மற்ற நாளாக இருந்தால் தண்டைத் தூக்கி வைத்துவிட்டுக் காது கொடுத்திருப்பேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"மணி அடிக்காது என்ன?"

"எப்பிடி அடிக்கும்? நேற்று நான்தானே கட்டினனான்."

வள்ளத்தில் எப்போதும் ஒரு சங்கு வைத்திருப்போம். பனிக்குள் மாட்டிக்கொண்டால் மற்ற வள்ளங்களுக்குக் கேட்கட்டும் என்று ஊதுவது வழக்கம். ஆனால் பெரிய வெள்ளியன்று எங்கள் ஆட்கள் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள். கேட்க ஆளில்லாத கடலில் ஊதி என்ன பயன்?

"ஊதும் தம்பி, ஊதும்" என்றார் அண்ணை.

ஊதினேன். வறண்ட வாயால் திரும்பத் திரும்ப ஊதினேன். சங்கின் சத்தம் கொஞ்சத் தூரம் போய்ப் பஞ்சுக்குள் புதைந்தது போல நின்றது. பிள்ளை மறுபடியும் கண்ணை மூடினாள். மனைவி கூப்பிடக் கூப்பிட அவள் பதில் சொல்லவில்லை. மூச்சு மட்டும் வேகமாக ஓடியது.

அப்போதுதான் அது கேட்டது.

டாங்.

தூரத்தில். எங்களுக்குப் பின்பக்கத்தில். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒன்று. பிறகு அடுத்தடுத்து இரண்டு. செப மணிக்குள்ள ஒழுங்கு அதில் இல்லை. யாரோ தெரியாத ஆள் அடிப்பது போல இருந்தது.

என் மனதில் ஒரு நொடியில் எல்லாம் சரியாகப் பொருந்தியது. இது அனலைதீவில் உள்ள சைவக் கோயிலின் மணி. காலைப் பூசை நடக்கிறது. அனலைதீவு எங்களுக்குப் பின்னால் இருக்கிறது என்றால் எங்கள் அணியம் ஊர்காவற்றுறையைப் பார்த்து நிற்கிறது.

"நேரேதான் போறம்! வலியுங்கோ அண்ணை, நல்லா வலியுங்கோ!"

அண்ணை வலிக்கவில்லை. தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உது எங்கட மணி இல்லை."

"வேறை எந்த மணி?"

"எங்கட கோயில் மணி சின்னது. கிணுகிணு எண்டு கேக்கும். உது உங்கட மணி. ஒவ்வொரு நாளும் சோத்துக்குக் கேக்கிற மணி எனக்குத் தெரியாதே?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. இண்டைக்கு எங்கட மணி அடிக்காது. உலகத்தில ஒரு கத்தோலிக்கக் கோயிலிலையும் இண்டைக்கு மணி அடிக்காது!"

"அடிக்குதே!"

"கயிற்றை நான் கட்டினனான். என்ர கையாலை கட்டினனான்!"

சொல்லிக்கொண்டே என் தண்டை ஓங்கி வலித்தேன். வள்ளம் மணியைவிட்டு விலகிப் போனது. அண்ணை தன் தண்டைத் தண்ணீருக்குள் குத்தி நிறுத்திப் பிடித்தார். வள்ளம் ஓரிடத்தில் சுழன்றது. இரண்டு ஆண்கள் ஒரு வள்ளத்தை இரண்டு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். நடுவில் பிள்ளை கிடந்தாள்.

என் மனைவி அதிகம் பேசாதவள். அன்று அவள் சத்தம் போடவில்லை. மெல்லத்தான் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. சங்கு ஊதினது நீங்கள்தானே? ஆரோ கேட்டிருக்கினம்."

என் கை நின்றுவிட்டது.

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. நான் ஊதினேன், ஆனால் கேட்பார்கள் என்று நம்பி ஊதவில்லை. கேட்டாலும், பெரிய வெள்ளியன்று எனக்காக, ஒரு மீன்பிடிகாரனுடைய பிள்ளைக்காக, அந்த மணியை அடிப்பார்கள் என்று என் மனம் ஏற்கவில்லை. கட்டுப்பாட்டை நம்பத் தெரிந்த அளவுக்கு இரக்கத்தை நம்ப எனக்குத் தெரியவில்லை.

வள்ளத்தைத் திருப்பினேன்.

மணி இப்போது எங்களுக்கு முன்னால் இருந்தது. ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு படி போல. வலிக்க வலிக்கச் சத்தம் பெருத்துக்கொண்டு வந்தது. பிறகு பலகை தட்டுகிற சத்தமும் சேர்ந்தது. பிறகு மனிதக் குரல்கள். பனிக்குள் முதலில் தெரிந்தது வேர் இல்லாமல் தொங்குகிற பனைகளின் தலைகள். அதற்குக் கீழே, முழங்கால் தண்ணீரில், ஊர்ச் சனம் வரிசையாக நின்றது. பெண்களின் தலையில் கறுப்பு முக்காடு. சிலுவைப்பாதைக்குத் தூக்கிய பெரிய மரச்சிலுவை கரையில் கவிழ்த்து வைத்த ஒரு வள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. ஒரு நொடி, நான் எப்போதோ செத்துப்போய் இதையெல்லாம் மறுகரையில் காண்கிறேன் என்று நினைத்தேன்.

"பிள்ளை! பிள்ளைக்கு ஏலாது!" என்று மனைவி கத்தினாள்.

யாரோ வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார்கள். மனைவி பின்னாலேயே ஓடினாள். நானும் ஓடினேன். ஓடும்போது ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். மணித் தூணில் சாய்த்த ஏணியின் உச்சியில் சுவாமி நின்றார். அங்கியை மடித்து இடுப்பில் செருகியிருந்தார். ஒரு கையால் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் இருந்த இரும்புக் கம்பியால் மணியில் அடித்துக்கொண்டிருந்தார். கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளம் வந்து சேர்ந்துவிட்டது என்று அவருக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். சிலுவைப்பாதை பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது சங்குச் சத்தம் கேட்டிருக்கிறது. எல்லோரும் கரைக்கு ஓடிப் பலகையைத் தட்டியிருக்கிறார்கள். அது பனிக்குள் எடுபடவில்லை. மணியை அடித்தால் என்ன என்று ஒருவர் கேட்க, "பெரிய வெள்ளி எல்லோ!" என்று நாலு பேர் அவருடைய வாயை அடைத்திருக்கிறார்கள். சுவாமி ஏணியை எடுத்து வரச் சொன்னாராம். என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்திருக்கிறார். இழுக்க அது இன்னும் இறுகியது. கத்தி தேடுவதற்குள் சங்கு நின்றுவிடுமோ என்று பயந்து, வள்ளக்காரர் ஒருவர் வைத்திருந்த இரும்புக் கம்பியை வாங்கிக்கொண்டு தானே ஏறிவிட்டார்.

பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். ஈரத்துணி போட்டபடி இருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்தவள், "மேகம் முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து நான் அழுதேன். பக்கத்தில் இருந்த அண்ணை, யாரோ கொடுத்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "உங்கட மணி இண்டைக்குக் காலமையே அடிச்சுப்போட்டுது. என்ர மனிசி சோத்தை வைச்சிட்டுத் தேடப்போறா" என்றார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது.

பின்னேரம் சுவாமி வந்தார். பெரிய வெள்ளி வழிபாட்டை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டார். அவருடைய உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. கூட வந்தவரிடம் இருந்து கஞ்சிக் கோப்பையை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் தயங்கினேன்.

"குடியும். காலமை தொடக்கம் தண்டு வலிச்ச ஆள்."

குடித்தேன். குடித்து முடியும் வரைக்கும் பக்கத்தில் நின்றார். போகும்போது திரும்பி, சிரிக்காமலே சொன்னார்:

"வாற வருசமும் கயிற்றை நீர்தான் கட்டவேணும். ஆனால் இவ்வளவு இறுக்கிக் கட்டாதையும்."

இன்றைக்கும் ஒவ்வொரு பெரிய வியாழனும் நான்தான் கட்டுகிறேன். அந்தச் சுவாமி மாறி வேறு இடம் போய்விட்டார். என் மூத்தவள் பெரிய பிள்ளையாகி, கீழே நின்று ஏணியைப் பிடிக்கிறாள். ஒருசந்தியும் விடுவதில்லை. சின்னவன் இனிப்பை விட்டதும் நல்லதுதான். உயிர்ப்புப் பூசை வரைக்கும் மணி மௌனமாகத்தான் இருக்கவேண்டும். அதை நான் குறைவாக நினைக்கவில்லை. அன்று அந்த மௌனத்தின் பெறுமதி தெரிந்தவரே அதை உடைத்தார் என்பதால்தான், அந்த மணியோசை எனக்கு இவ்வளவு பெரிதாகக் கேட்டது. நான் மாற்றியது ஒன்றைத்தான். இப்போது போடுவது நங்கூர முடிச்சு அல்ல, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. அதைப் போட்டுவிட்டு ஏணியில் இருந்து இறங்குமுன்னர், மேலே நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பேன். ஒவ்வொரு தபசுகாலமும் நான் என்னை நானே கேட்பது அந்த இடத்தில்தான்: பனிக்குள் இருந்து யாராவது சங்கு ஊதினால், என் மனதில் நான் கட்டி வைத்திருக்கும் முடிச்சுகளும் ஒரே இழுப்பில் அவிழுமா?